மெலிஞ்ச புள்ளையும் சிலிக்கோன் பையும்

நோன்புக்கு ரெண்டு கிழமைக்கு முன்ன ஒரு நாள் இரவு, வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு வொய்ஸ் வந்தது. ஊர்க் கூட்டாளி. கல்முனையில் என்னோடு ஒரே டியூஷனுக்கு வந்தவள். வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று தலையணைக்குள் வாயை வைத்துக் கதைத்த மாதிரி ஒரு சத்தம். "புள்ள, ஒருத்தருக்கிட்டயும் செல்லிராத. நெஞ்சப் பெருசாக்குற ஒப்பரேசன் எண்டு ஒண்டு இருக்காமே. கொழும்புல செய்றாங்களாம். உனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சிருக்கு. பெண் பார்க்க வந்த மாமிமார் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே "புள்ள நல்ல மெலிவுதான்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கட கரையில் வீடு கட்டிக் கொடுக்கிறது பெண் வீட்டார்தான். வாப்பா பத்து வருஷம் வெளிநாட்டில் நின்று கட்டிய வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் உடம்பில் குறை சொல்லிவிட்டுப் போகலாம். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அவள் முதலில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினாளாம். மறுகா ஒரு குளிசை. இப்ப ஒப்பரேசன்.

அவள் கேட்டது நாலு கேள்வி. எத்தனை வருஷத்துக்கு நிற்கும்? கேன்சர் வருமா? பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? ஹராமா?

நான் டொக்டர் இல்லை, மௌலவியாவும் இல்லை. வரலாறு படிக்கிற ஒருத்தி. ஆனால் தேடிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இந்த நாலு கேள்வியையும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேரான பதில் கிடைக்கத்தான் இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. பதில் இல்லாமல் இல்லை. பல தடவை பதில் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கதை ஜேர்மனியில் ஹைடல்பேர்க் நகரில் 1895இல் தொடங்குகிறது. வின்சென்ஸ் செர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு பாடகி வந்தாள். மார்பில் கட்டி. கட்டியை எடுத்தால் ஒரு பக்கம் குழிவிழும், மேடையேறுகிறவளுக்கு அது பெரிய கவலை. அவளுடைய இடுப்புப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது, ஆபத்தில்லாதது. செர்னி மார்புக் கட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கொழுப்புக் கட்டியை வைத்துத் தைத்தார். அவளுடைய உடம்பிலிருந்தே எடுத்து அவளுடைய உடம்புக்கே கொடுத்த வைத்தியம். இதைத்தான் மார்பைப் பெருப்பித்த முதல் சத்திரசிகிச்சை என்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. பெருப்பித்தது என்று சொல்வதைவிட, இழந்ததை நிரப்பியது என்று சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஹராமா என்ற கேள்விக்கு வரும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

செர்னியின் வழி எல்லாருக்கும் பொருந்தாது. தேவையான இடத்தில் தேவையான அளவில் கொழுப்புக் கட்டி எல்லாருக்கும் இருக்காதே. குறுக்குவழி தேடினார்கள். 1899இல் வியன்னாவில் றொபேர்ட் கேர்சுனி என்ற டொக்டர் உருக்கிய பரஃபின் மெழுகை ஊசியால் உடம்புக்குள் ஏற்றிப் பார்த்தார். கொஞ்சக் காலத்தில் ஐரோப்பா முழுக்க அது பரவியது. மூக்கு, கன்னம், மார்பு என்று எல்லா இடத்திலும் மெழுகு. மெழுகுதிரிக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதேதான் நடந்தது. பிற்காலத்தில் மார்ல்பறோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன் என்ற அழகி மூக்கை நேராக்க மெழுகு ஏற்றினாள். அது வழுகி நாடிக்கு இறங்கிவிட்டது. மூக்கில் நடந்ததைக் கதையாகச் சொல்லலாம். மார்பில் நடந்ததைச் சொல்ல மனம் வராது. மெழுகைச் சுற்றிக் கட்டி கட்டியாக இறுகி, புண்ணாகி, கடைசியில் மார்பையே வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் இருந்தார்கள்.

மெழுகை விட்டபிறகும் ஊசியை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களின் மின்பகுதிகளைப் பாதுகாக்க சிலிக்கோன் என்ற பொருள் பெரிய அளவில் தேவைப்பட்டது. அதைச் செய்வதற்கென்றே 1943இல் அமெரிக்காவில் டவ் கோர்னிங் என்ற கொம்பனி தொடங்கியது. சூட்டுக்கும் குளிருக்கும் மாறாத, தண்ணீர் ஒட்டாத ஒரு பொருள். போர் முடிந்தபிறகு யப்பானில் திரவ சிலிக்கோனை நேரடியாகப் பெண்களின் மார்பில் ஊசியாக ஏற்றினார்கள். பிறகு அது அமெரிக்காவுக்கும் போனது. லாஸ் வேகாஸ் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டார்கள். திரவம் ஓர் இடத்தில் நிற்காது. நெஞ்சு, வயிறு என்று நகரும், இறுகும், இரத்தக் குழாய்க்குள் போனால் ஆளைக் கொல்லும். நெவாடா மாநிலம் 1970களில் அதைக் குற்றமாகவே அறிவித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஊசி இன்னும் சாகவில்லை. உலகத்தின் பல ஊர்களில் சலூன்களிலும் வீட்டறைகளிலும் "ஃபில்லர்" என்ற பெயரில் மலிவாக ஏற்றுகிறார்கள். கூட்டாளிக்கு நான் முதலில் அனுப்பிய வொய்ஸ் இதுதான்: என்ன செய்தாலும் செய், மார்புக்கு ஊசி போடுறன் எண்டு ஒருத்தி வந்தா எழும்பி ஓடிரு.

இப்ப உள்ள பை, அதாவது இம்பிளான்ட், எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஃப்ராங்க் கெரோ என்ற இளம் டொக்டர் இரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபோது, அது மார்பைப் போல இருப்பதாக அவருக்குப் பட்டதாம். அவரும் தோமஸ் குரோனின் என்ற மூத்த நிபுணரும் டவ் கோர்னிங்கோடு சேர்ந்து சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல்லை அடைத்துப் பை ஒன்றைச் செய்தார்கள். முதலில் எஸ்மரால்டா என்ற பெட்டை நாய்க்கு வைத்தார்கள். அது தையலைக் கடித்துக் குதறியதால் சில கிழமையில் வெளியே எடுத்தார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பை பாதுகாப்பானது என்று முடிவு கட்டினார்கள்.

1962இல் அந்தப் பையை முதலில் ஏற்றுக்கொண்ட பெண் டிம்மி ஜீன் லின்ட்சி. ஆறு பிள்ளைகளின் தாய், கணவனைப் பிரிந்தவள், வசதியில்லாதவர்கள் போகும் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அவள் வந்தது மார்புக்கே இல்லை, நெஞ்சில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. டொக்டர்மார் இந்தப் புதுப் பையைப் பற்றிச் சொல்லிக் கேட்டபோது, தனக்கு மார்பில் பெரிய கவலை இல்லை, காதுதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கு, அதைச் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டாளாம். காதையும் செய்து தருகிறோம் என்றார்கள். அப்படித்தான் சம்மதம் வந்தது. பத்திரிகைகளுக்கு அவள் பலமுறை சொன்ன கதை இது.

இதை வாசித்தபோது எனக்கு மாமிமாரின் வட்டிலப்பம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்குக் காதில்தான் குறை. மார்பில் குறை கண்டது அறையில் இருந்த மற்றவர்கள்.

குறையை நோயாக மாற்றியது அடுத்த கட்டம். 1976 வரை அமெரிக்காவில் இப்படி உடம்புக்குள் வைக்கும் சாமான்களுக்கு முறையான சட்டமே இல்லை. அந்த வருஷம் சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே சந்தையில் இருந்தவை அப்படியே தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள். மார்புப் பைகளும் அந்த வாசலால் தப்பின. 1982இல் கட்டுப்பாட்டை இறுக்க எஃப்.டி.ஏ., அதாவது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், யோசித்தபோது, அந்நாட்டின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் எழுத்தில் ஒரு வாதம் வைத்தது. சிறிய மார்பு என்பது ஓர் ஊனம், உண்மையில் அது ஒரு நோய் என்று. அதற்கு ஒரு மருத்துவப் பெயரும் இருந்தது. பெயர் வைத்துவிட்டால் மருந்து விற்கலாம். மெலிஞ்ச புள்ள என்று எங்கட மாமி சொன்னதையே அவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

அதற்குள் பைகள் உடையத் தொடங்கியிருந்தன. 1984இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மரியா ஸ்டேர்ன் என்ற பெண் டவ் கோர்னிங்குக்கு எதிராக வழக்கு வென்றாள். கொம்பனியின் உள் ஆவணங்கள் அந்த வழக்கில் வெளிப்பட்டன. ஆனால் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி அவை முத்திரையிடப்பட்டன. எட்டு வருஷம் கழித்து 1992இல்தான் அவை ஊருக்குத் தெரியவந்தன. அதில் 1975ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. மாதிரிப் பைகளைக் கையில் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு வெளியே வருகிறது, ஆகவே டொக்டர்மாருக்குக் காட்டும் மாதிரிகளை அடிக்கடி மாற்றுங்கள் என்று விற்பனையாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பை கசிகிறது என்று தெரியும். அதைத் தடுப்பதற்கு முன் கையைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

1992இல் எஃப்.டி.ஏ. அழகுக்காக ஜெல் பை வைப்பதை நிறுத்தியது. மார்பை இழந்தவர்களுக்கு மட்டும் ஆய்வின் கீழ் அனுமதி. வழக்குகள் மலையாகக் குவிந்து, 1995இல் டவ் கோர்னிங் திவாலானது. 1998இல் 3.2 பில்லியன் டொலருக்கு இணக்கம்.

இந்த இடத்தில் வரலாறு கொஞ்சம் சிக்கலானது, ஒரு பக்கம் மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். வழக்குப் போட்ட பலர் தங்கள் மூட்டுவாதத்துக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கும் பையே காரணம் என்றார்கள். 1999இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் இருந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, அந்த நோய்களைப் பை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. கொம்பனிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் அதே அறிக்கை, பை உடைவது, சுற்றிவர இறுகுவது, திரும்பத் திரும்ப ஒப்பரேசன் செய்ய வேண்டி வருவது எல்லாம் உண்மை, அடிக்கடி நடப்பவை, இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியது. எந்த நோய் என்பதில் அந்தப் பெண்கள் பிழைவிட்டிருக்கலாம். எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்தார்கள் என்று சொன்னதில் பிழையில்லை. 2006 நொவம்பரில் ஜெல் பை திரும்ப வந்தது. அழகுக்காக என்றால் 22 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்ற நிபந்தனையோடு.

அமெரிக்காவை விட்டு பிரான்ஸுக்கு வந்தால் இன்னும் கேவலம். பி.ஐ.பி. என்ற கொம்பனி, மருத்துவத்துக்கான சிலிக்கோன் விலை கூட என்று, கைத்தொழிலுக்கான மலிவு சிலிக்கோனை நிரப்பிப் பல வருஷம் விற்றது. பரிசோதகர்கள் வரும் நாள் முன்கூட்டியே தெரியும், அன்றைக்கு நல்ல சரக்கை எடுத்து வைப்பார்கள். 2010 மார்ச்சில் பிடிபட்டார்கள். பிரான்ஸில் மட்டும் சுமார் 30,000 பெண்கள், உலகம் முழுக்க மூன்று லட்சம் அளவில். தொடங்கியவர் ஜோன் குளோட் மாஸுக்கு 2013 டிசம்பரில் நாலு வருஷச் சிறை. அப்போது பெண்கள் தேடி ஓடியது ஒரு சின்னக் கார்டை. உள்ளே வைத்த பையின் கொம்பனி, இலக்கம் எழுதிய கார்டு. அது கையில் இருந்தவளுக்கு ஒரு நிமிஷத்தில் விடை. இல்லாதவள், ஒப்பரேசன் செய்த இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கேன்சர் வருமா என்ற கேள்விக்கு நேரான பதில் 2011க்குப் பிறகுதான் உருப்பட்டது. மார்புப் புற்றுநோயைப் பை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பையைச் சுற்றி உருவாகும் தழும்புத் தோலில் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது, அது வேறு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடுதான் அது பெரிதும் சேர்ந்து வந்தது. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. கணக்குப்படி உலகளவில் 573 பேருக்கு அந்த நோய், 33 பேர் மரணம். அந்த மாதமே அலர்கன் கொம்பனி பயோசெல் என்ற சொரசொரப்புப் பையை உலகச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. கோடிக்கணக்கான பைகளில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வருஷங்கள் கழித்து ஒரு மார்பு மட்டும் திடீரென்று வீங்கினால் அது என்னவென்று பார்க்க வேண்டும் என்ற அறிவு, இந்த 573 பேரால் வந்தது.

எங்கட பக்கத்துக்கு வருவோம். தமிழ் பேசும் உலகத்தில் இந்த விஷயம் வெளிவெளியாகப் பேசப்பட்டது 2018 பெப்ரவரியில். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பைப் பெருப்பிக்க, குறைக்க, திருத்த இலவசப் பிரிவொன்றைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஏழைகளுக்கு அழகு வேண்டாமா, நாங்கள் செய்யாவிட்டால் கடன்பட்டோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். உயிர் காக்கும் வைத்தியத்துக்கே காசு போதாத இடத்தில் இது எதற்கு என்று பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தவர்களே எதிர்த்தார்கள். எனக்கு ரெண்டு பக்கமும் விளங்குகிறது. மார்பின் பாரத்தால் தோளும் முதுகும் வலிக்கும் பெண்ணும், புற்றுநோயில் மார்பை இழந்த பெண்ணும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்புப் புற்றுநோய். எங்கட ஊரில் அதை "அந்த நோய்" என்றுதான் சொல்வார்கள். சத்திரசிகிச்சை முடிந்து வந்த மூத்தம்மாமார் முந்தானைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காலம் கழிப்பார்கள், அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஹராமா என்ற கேள்விக்கும் வரலாறு உண்டு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்து வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள ஹதீஸ். உடம்பு ஏற்காத பொருளை எடுத்துவிட்டு ஏற்கும் பொருளை வைப்பது என்று பார்த்தால், இந்தக் கட்டுரை முழுக்க வரும் பிரச்சினையும் அதுதான். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, இழந்ததைத் திருப்பி அமைக்கவும் குறையைச் சரிசெய்யவும் செய்யும் சத்திரசிகிச்சை ஆகும் என்றும், சாதாரணமாக உள்ள தோற்றத்தை ஆசைக்காக மாற்றுவது ஆகாது என்றும் தீர்மானித்தது. செர்னியின் பாடகி முதல் பக்கம். என் கூட்டாளி எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவளுக்குக் குறை என்று தீர்ப்பளித்தது வட்டிலப்பம் சாப்பிட்ட ஆட்கள் என்பதைச் சொன்னேன்.

மிச்சக் கேள்விகளுக்கு இன்று கிடைக்கும் பதில்கள் இவை. ஒப்பரேசன் ஒன்றிலிருந்து ரெண்டு மணித்தியாலம், முழு மயக்கத்தில். மார்புக்குக் கீழ் மடிப்பிலோ, காம்பைச் சுற்றியோ, கக்கத்திலோ வெட்டி, தசைக்கு மேலோ கீழோ பையை வைப்பார்கள். முதல் கிழமை நல்ல வலி, தசைக்குக் கீழ் வைத்தால் இன்னும் கூட. பாரம் தூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பவே வராது. பலர் பால் கொடுக்கிறார்கள், சிலரால் முடிவதில்லை. காம்பைச் சுற்றி வெட்டினால் அந்த ஆபத்து கூடுகிறது. ஆகவே பிள்ளை பெற நினைப்பவள் வெட்டும் இடத்தை முதலே கேட்க வேண்டும். பையைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தோல் கட்டும், அது இறுகினால் மார்பு கல்லாகி வலிக்கும். பை உடைந்தாலும் பலருக்கு வெளியே தெரியாது. அதனால் ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேனும், பிறகு ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருக்காவும் தேவை. பின்னாளில் மெமோகிராம் எடுக்கும்போது உள்ளே பை இருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

எத்தனை வருஷத்துக்கு நிற்கும் என்றால், ஆயுளுக்கும் நிற்கும் சாமான் இல்லை. அழகுக்காக வைத்தவர்களில் 20 வீதம் வரையானோருக்கு எட்டிலிருந்து பத்து வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வருகிறது என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. அதாவது 23 வயதில் வைத்தால், 33இல் கையில் ரெண்டு பிள்ளையோடு இன்னொரு ஒப்பரேசன் வரலாம். முதல் செலவை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் சமாளித்தாலும், ரெண்டாவதை யார் கட்டுவது?

இதையெல்லாம் கத்தி வைப்பதற்கு முன், ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டி, பெண்ணும் டொக்டரும் கையெழுத்திட வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொன்னது எப்போது தெரியுமா? 2021 ஒக்டோபரில். டிம்மி ஜீன் அந்த மேசையில் படுத்து 59 வருஷத்துக்குப் பிறகு.

அந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கு. மூன்று இரவு இருந்து, ஒவ்வொரு வரியையும் எங்கட பேச்சில் அவளுக்கு வொய்ஸாக அனுப்பினேன். சில இடத்தில் சிரித்தாள். சில இடத்தில் ரெண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது, பதில் இல்லை. நாலாம் நாள் காலையில் எழுத்தில் ஒரு மெசேஜ் வந்தது: "வொய்ஸ் வாணாம், எழுதி அனுப்பு. கொழும்புக்குப் போனா கையில வெச்சிக் கேக்கணும். கார்டையும் மேல எழுது."

எழுதி அனுப்பினேன். கார்டை முதல் வரியில் போட்டேன். அடுத்த வரியில், டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கா, பை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்று கேள் என்று எழுதினேன். அவள் இன்னும் போகவில்லை. கலியாணம் ஹஜ்ஜுக்குப் பிறகு.